ஐந்தொகை இல்லாத கம்பெனிக்கு என்ன விலை?

ஒரு ஸ்டார்ட்-அப் கம்பெனியின் மதிப்பு இத்தனை கோடி என்று பேப்பரில் வரும்போதெல்லாம், பைசா லாபம் பார்க்காத கம்பெனிக்கு எப்படி விலை போட்டார்கள் என்று நம் வயதுக்காரர்கள் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் நம் பக்கத்துக்குப் புதியதல்ல.

1922-ல் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். மறுவருஷம் ஊரில் தொழிற்சாலை வைத்தார்கள். அன்றைக்கு ஒருவர் அதை மதிப்புப் போட வந்திருந்தால் எதைப் பார்த்திருப்பார்? முந்தைய வருஷ லாபம் கிடையாது. ஜெர்மனியிலிருந்து தருவித்த இயந்திரம் இருந்தது. அதை நம்பி விலை சொல்லியிருந்தால் ஏமாந்திருப்பார், ஏனென்றால் பின்னால் கைவேலைதான் கட்டுபடியானது. உண்மையான முதல் இரண்டு. ஒன்று, அந்த இருவர் கையிலிருந்த தொழில். மற்றது, இறக்குமதித் தீப்பெட்டிக்கு சர்க்கார் 1922-ல் உயர்த்திய தீர்வை: குரோசுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய். அந்தத் தீர்வையைத் தாண்ட ஸ்வீடன்காரர்களே விம்கோ என்று இந்தியாவில் கம்பெனி வைத்தார்கள் என்றால் அதன் கனம் புரியும். 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கும் எக்சைஸ் வரி வந்தது. சர்க்கார் உத்தரவில் தொங்கும் மதிப்பு எந்த ஐந்தொகையில் ஏறும்?

நம் ஊர்களில் ஆளை மதிப்பிட வேறொரு கணக்கு இருந்தது. விருதுநகர் வியாபாரிகள் விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று உறவின்முறைக்கு மகமை கொடுத்தார்கள். 1885-ல் க்ஷத்திரிய வித்யாசாலை எழுந்தது அந்தப் பணத்தில்தான். மகமை ஏட்டைப் புரட்டினால் யாருக்கு எவ்வளவு வியாபாரம், யார் நாணயமாகக் கட்டுகிறார் என்பது தெரிந்துவிடும். ஒருவர் மகன் புதிதாகக் கடை போட்டால், கடன் கொடுப்பவருக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த ஏட்டில் பேர் இல்லாதவன், எவ்வளவு தொழில் தெரிந்தவனானாலும், மதிப்பு பூஜ்யம்தான். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு பங்கு வெளியிட டில்லியில் மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். 1947 சட்டம். அவர் அலுவலகத்துச் சூத்திரம் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்குப் பிடித்த மாதிரி இருக்கும். பங்குக்கு நிகரச் சொத்து 30 ரூபாய் என்று வையுங்கள். சராசரி லாபம் 3 ரூபாய். உற்பத்திக் கம்பெனிக்கு 15 சதவீதத்தால் வகுத்தால் 20. இரண்டுக்கும் நடுவில் 25 ரூபாய் நியாய விலை. வியாபாரக் கம்பெனிக்கு 20 சதவீதம். கணக்கு சுத்தம். ஆனால் எல்லாம் நடந்து முடிந்த லாபம். புதுக் கம்பெனிக்கு அது இல்லாததால் பங்கை முக விலைக்கே விற்கவேண்டும், பத்து ரூபாய் பங்கு பத்து ரூபாய்க்கே. தொழில் தெரிந்தவனின் பத்து ரூபாயும் சும்மா பணம் போட்டவரின் பத்து ரூபாயும் ஒன்றாகிவிட்டன. 1992-ல் அந்தப் பதவியை எடுத்தார்கள்.

இப்போது நேர் எதிர், வரப்போகும் பணத்தைக் கணக்கிடுகிறார்கள். ஐந்து வருஷம் கழித்து வரும் 1 லட்சத்துக்கு வருஷம் 15 சதவீதம் கழிவு போட்டால் இன்றைய மதிப்பு சுமார் 49,700 ரூபாய். 25 சதவீதம் போட்டால் சுமார் 32,800 ரூபாய்தான். எந்த சதவீதம் என்பது போடுகிறவர் மனசு. வருகிற லாபமும் அவர் ஊகம்தான். 2012-ல் சர்க்கார் இதில் நுழைந்தது. நியாய மதிப்புக்கு மேல் பங்கை விற்றால் அந்த அதிகத் தொகையைக் கம்பெனியின் வருமானமாக வைத்து வரி. பேர் என்னவோ ஏஞ்சல் வரி! ஊகத்தில் போட்ட விலையைப் பிந்தைய வருஷங்களில் வந்த கணக்கோடு ஒப்பிட்டு வருமானவரி அதிகாரிகள் கேள்வி கேட்க, வழக்குகள் பெருகின. 1923-ல் சிவகாசிக்காரர்களிடம் அடுத்த ஐந்து வருஷ லாபம் கேட்டிருந்தால் அவர்கள் என்ன எழுதிக் கொடுத்திருப்பார்கள்? 2024 ஜூலை பட்ஜெட்டில் அந்த வரியை ரத்து செய்துவிட்டார்கள்.