பழுதற்ற கண்களும் மறைந்த காட்சியும்

1904ஆம் ஆண்டில் மூண்ட ருஷிய யப்பானிய யுத்தத்தில் ருஷியப் படையினர் ஏந்திய துப்பாக்கியின் குண்டு 7.62 மில்லிமீற்றர் விட்டமே உடையது. மிகுந்த வேகத்துடன் பாய்வது. பழைய காலத்துப் பருத்த ஈயக்குண்டு தலையிற் பட்டால் மண்டை சிதறும். இச்சிறு குண்டோ ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டது. ஆதலால், மூளை துளைபட்டும் உயிர்தப்பி ஊர் திரும்பிய யப்பானிய வீரர் பலர் இருந்தனர்.

அவருள் பிடரியிற் காயமுற்ற சிலர் தமக்குப் பார்வை குன்றிவிட்டதென முறையிட்டனர். கண்களைப் பார்த்தால் யாதொரு பழுதுமில்லை. உபகாரச் சம்பளத்தை நாடிச் செய்யும் பாசாங்கு இதுவென ஒருவர் ஐயுற்றால் அவரைக் குறைகூறுதல் அரிது. எனினும் உண்மையிலேயே பாதியுலகம் மறைந்துபோனவனுக்கு அவ்வையம் எத்துணைக் கொடுமை!

அவர்களது பார்வையிழப்பை மதிப்பிடும் பணி தத்சுஜி இனோயே என்னும் இளங் கண்வைத்தியரிடம் வந்தது. ஒவ்வொரு கண்ணாக மூடச்செய்து, மற்றக் கண்ணுக்குப் புலனாகும் இடத்தையும் புலனாகா இடத்தையும் அவர் வரைந்தார். ஒரு கண் கெட்டால் குறை அக்கண்ணோடு நிற்கும். மூளையின் பின்பகுதியில் இடப்பாகம் சிதைந்தவனோ, எக்கண்ணாற் பார்ப்பினும் வலப்புறத்தைக் காணான். இரு கண்களின் நரம்பிழைகளும் பிரிந்து கூடி, வலப்புறக் காட்சி முழுவதையும் இடப்பக்க மூளைக்கே கொண்டுசெல்வதே காரணம். இரு படங்களும் இவ்வாறு ஒத்துவருமாறு பொய்யுரைப்பது எளிதன்று.

குண்டு நுழைந்த துளையும் வெளிவந்த துளையும் தலையில் எவ்விடத்தன என்றளக்க இனோயே தாமே ஒரு கருவி அமைத்தார். இரண்டையும் நேர்கோட்டால் இணைத்து, இடையே மூளையின் எப்பகுதி அறுபட்டதெனக் கணித்தார். 29 பேரை ஆராய்ந்த அந்நூல் 1909இல் லைப்சிக் நகரில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. நாம் நேரே நோக்கும் சிறு நடுப்பகுதிக்கு மூளை பேரிடம் வகுத்திருப்பதும், ஓரங்களுக்குச் சிற்றிடமே விட்டிருப்பதும் அதிற் புலப்பட்டன.

முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய வைத்தியரான கோர்டன் ஹோம்ஸும் லிஸ்டரும் இத்தகைய காயங்களை ஆராய்ந்து 1916இல் எழுதினர். மறு ஆண்டில் ஜோர்ஜ் ரிடொக் இன்னும் நம்புதற்கரிய ஒன்றை வெளியிட்டார். குருடாகிய பக்கத்தில் அசையாது நின்ற பொருளைக் காணாத வீரர் சிலர், அது அசைந்தவுடன் அவ்வசைவை உணர்ந்தனர். பாசாங்கெனத் தள்ளிவிட மிகவும் ஏற்ற கூற்று அது. ரிடொக் தள்ளிவிடாது பதிந்துவைத்தார்.