படகுக் கருவி கணினியோடு பேசிய கதை

எங்கள் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து மேற்கே சில கிலோமீட்டர் போனால் வலியதுறை, பூந்துறைக் கடற்கரை. அந்தப் பக்கத்து மீனவர்கள் கடலில் இடம் கண்டுபிடிக்கும் முறைக்குக் 'கணிச்சம்' என்று பெயர். கரையிலுள்ள சர்ச் கோபுரம், தூரத்து மலைமுகட்டோடு ஒரே நேர்கோட்டில் வரவேண்டும். வேறு திசையில் இதேபோல இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில்தான் மீன் கூடும் பார். கணக்கு முழுக்க மனசில்தான்!

இங்கே வெளிநாட்டில் சொந்தப் படகு வைத்திருப்பவர்கள் இதையே மடிக்கணினியில் பார்க்கிறார்கள். அதற்கு வழி திறந்தது 1983. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனிக் கருவிக்கும் ஒரு பாஷை. அந்த வருடம் அமெரிக்காவின் தேசிய கடல்சார் மின்னணுவியல் சங்கம், என்.எம்.இ.ஏ. 0183 என்ற பொது விதியை வெளியிட்டது. ஜிபிஎஸ், ஆழமானி, திசைகாட்டி எல்லாம் ஒரே மாதிரி வரி அனுப்ப வேண்டும். டாலர் குறியில் தொடங்கி, விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எண். வேகம் நொடிக்கு 4800 பிட். காமர்ஸ் படித்த எனக்கு இது சட்டென்று புரிந்தது. எக்செல்லில் திறக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட் மாதிரிதான். சாயந்திரம் கேஷ் டேலி பார்ப்பதுபோல அந்தக் கடைசி எண்! பழைய மடிக்கணினியில் சீரியல் போர்ட்டில் ஒயரைச் செருகலாம். பிறகு அந்தப் போர்ட் காணாமல் போனதும் யுஎஸ்பி மாற்றி வந்தது.

2000 மே மாதம் ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. சுமார் 100 மீட்டர் வரை தவறிய கருவி 10, 20 மீட்டருக்குள் சொல்ல ஆரம்பித்தது. நம் கரைப் படகுகளுக்கும் ஜிபிஎஸ் வந்தது.

ஆனால் ஒன்று. இந்தப் பேச்சு எல்லாம் படகுக்கு உள்ளேதான். கருவி சொல்லும், கணினி கேட்கும். கரைக்கு ஒன்றும் தெரியாது. கரை சொல்வதும் அங்கே கேட்காது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலாக மாறியபோது பூந்துறை, விழிஞ்ஞம் ஆட்கள் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். செல்போன் டவர் எட்டாத தூரம். ஜிபிஎஸ் இருந்த படகுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும், என்ன வருகிறது என்று தெரியாது. பலர் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகுதான், 2019 அக்டோபரில், ஹைதராபாத்தின் இன்காயிஸ் நிறுவனம் 'ஜெமினி' என்ற பெட்டியை அறிமுகப்படுத்தியது. விமானங்களுக்காக அமைத்த ககன் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வரும். பெட்டி அதை ப்ளூடூத்தில் மீனவரின் போனுக்குத் தரும். மடிக்கணினி இருந்த இடத்தில் போன், அவ்வளவுதான். ஆனால் ஜெமினியில் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பேசும் டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்றுதான் தொடங்கியது.

ஊரில் யாராவது 'அவங்ககிட்டதான் ஜிபிஎஸ் இருக்கே, என்ன பயம்?' என்று கேட்டால், இதைச் சொல்லுங்கள். கணிச்சம் காலத்திலிருந்தே கடலில் இருப்பவருக்குத் தன் இடம் தெரியும். கரையில் இருக்கும் நாம் அவருக்குச் செய்தி சொல்லத்தான் இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.