பாலமாகிய உரைக்கோப்பு: வானலைச் சுற்று வடிவமைப்புக் கருவிகளின் இணைப்பு வரலாறும் மதுரைச் சூழலும்

ஆய்வுச்சுருக்கம்
வானலை அதிர்வெண்ணில் இயங்கும் மின்சுற்றுகளை உருவகப்படுத்த ஒன்றுக்கு மேற்பட்ட மென்பொருள்கள் தேவைப்படுகின்றன. அவற்றை இணைத்த வழிகளுள் எளிய உரைக்கோப்பே நிறுவன மாற்றங்களைத் தாண்டி நிலைத்தது என்பதையும், அது மதுரை போன்ற நகரங்களின் ஆய்வகங்களுக்கு எவ்வகையில் முக்கியமாகிறது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வானலைச் சுற்று, உருவகப்படுத்தல், ஸ்பைஸ், டச்ஸ்டோன் கோப்பு, கட்டற்ற மென்பொருள், மதுரை

முன்னுரை
கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957ஆம் ஆண்டு திருப்பரங்குன்றத்தில் நிறுவிய தியாகராசர் பொறியியல் கல்லூரி, தென் தமிழ்நாட்டில் கம்பியில்லாத் தொடர்பியல் ஆய்வு நடைபெறும் இடங்களுள் குறிப்பிடத்தக்கது. இந்திய அரசின் டைஃபாக் அமைப்பு ‘மிஷன் ரீச்’ திட்டத்தின்கீழ்க் கல்வி நிறுவனங்களில் உருவாக்கிய சிறப்பு மையங்களுள் கம்பியில்லாத் தொழில்நுட்பத்துக்கான மையம் இங்கு அமைந்தது. இத்தகைய ஓர் ஆய்வகத்தில் குறைஇரைச்சல் பெருக்கியையோ அலைவாங்கியையோ வடிவமைக்கும் மாணவர், ஒரே மென்பொருளில் தம் பணியை முடிப்பது அரிது. ஒன்றில் கணித்ததை மற்றொன்றுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. இந்தக் ‘கொண்டுசெல்லல்’ குறித்துத் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு. கருவிகளின் வரலாறு எழுதப்படும்போதும் கருவிகளுக்கு இடையிலான வழி விடுபட்டுப்போகிறது.

இணைப்பின் தேவை
தாழ்ந்த அதிர்வெண்ணில் கம்பி வெறும் கம்பிதான். வரைபடத்தில் அது ஒரு கோடு. அதற்கென்று தனிக் கணக்கு எதுவுமில்லை. வானலை அதிர்வெண்ணில் நிலைமை வேறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் காற்றில் 12.5 சென்டிமீட்டர், பொதுவான மின்சுற்றுப் பலகையில் அது ஏறத்தாழ 7 சென்டிமீட்டராகச் சுருங்கும். அதில் கால் பங்கு, அதாவது 2 சென்டிமீட்டருக்கும் குறைந்த நீளமுடைய, முனை திறந்த ஒரு செப்புத்தடம் மறுமுனையில் குறுக்குச்சுற்றுப்போல நடந்துகொள்ளும். எதனுடனும் இணைக்கப்படாத ஒரு தடம் சுற்றையே முடக்கிவிடலாம். எனவே டிரான்சிஸ்டரைக் கணிக்க ஒரு நிரலும், செப்புத்தடத்தைச் சூழ்ந்த மின்காந்தப் புலத்தை மாக்ஸ்வெல் சமன்பாடுகளின் வழியே கணிக்க வேறொரு நிரலும் தேவையாயின. முதலாவது காலத்தைப் படிப்படியாக நகர்த்தி மின்னழுத்தத்தைத் தேடுகிறது. இரண்டாவது பெரும்பாலும் அதிர்வெண்தோறும் அலை எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு கடந்துசெல்கிறது என்பதைத் தருகிறது. அந்த விகிதங்களே எஸ்-அளவுருக்கள். இரு நிரல்களின் அடிப்படை மொழியே வேறு என்பதால் இணைப்பு என்பது மொழிபெயர்ப்பாகவும் ஆயிற்று.

அட்டைக்கட்டிலிருந்து உரைக்கோப்புக்கு
1973இல் கனடாவின் வாட்டர்லூவில் நடந்த கருத்தரங்கில் லாரன்ஸ் நாகலும் டொனால்ட் பெடர்சனும் அறிமுகப்படுத்திய ஸ்பைஸ், பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் உருவானது. துளையட்டைகளின் காலத்து நிரலாதலால் சுற்றின் விவரம் முழுவதும் எழுத்தாலான வரிகளாகவே உள்ளே சென்றது. ஒரு வரிக்கு ஓர் உறுப்பு. உறுப்பின் பெயர், அது இணையும் கணுக்கள், அதன் மதிப்பு. இன்றும் ஆங்கிலத்தில் இவ்வரித்தொகுப்பை ‘டெக்’ என்று அழைப்பது அந்த அட்டைக்கட்டின் நினைவே. பெர்க்கிலி இதனைப் பரவலாக வழங்கியதால், பின்வந்த வணிக நிரல்கள் பலவும் இவ்வரியமைப்பை ஏற்றன.

நுண்ணலைத் துறைக்கு இது போதவில்லை. 1983இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற ஈஈசாஃப் நிறுவனம், தனிக்கணினியில் இயங்கும் நுண்ணலைச் சுற்றுப் பகுப்பாய்வு நிரலை டச்ஸ்டோன் என்ற பெயரில் வெளியிட்டது. ‘உரைகல்’ என்பது அப்பெயரின் பொருள். அந்த நிரல் எஸ்-அளவுருக்களைச் சேமித்த கோப்பின் வடிவமே இன்று துறை முழுவதும் வழங்குகிறது. அதன் அமைப்பு வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வியப்புக்குறியில் தொடங்கும் வரி குறிப்புரை. ஹேஷ் குறியில் தொடங்கும் ஒரே வரி அதிர்வெண்ணின் அலகு, அளவுருவின் வகை, எண்களை எழுதும் முறை, ஒப்பீட்டு மின்னெதிர்ப்பு ஆகியவற்றைச் சொல்லிவிடும். அதன்பின் எண்கள் மட்டுமே. இருமுனைச் சுற்றாயின் ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் எட்டு எண்கள்.

இந்த எட்டு எண்களின் வரிசையில் ஒரு விசித்திரம் உண்டு. அணிக்கோவை எழுதும் வழக்கப்படி ஒன்று-ஒன்று, ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, இரண்டு-இரண்டு எனச் செல்ல வேண்டும். இருமுனைக் கோப்பிலோ இரண்டு-ஒன்று முன்னும் ஒன்று-இரண்டு பின்னும் வருகின்றன. மும்முனை முதலானவற்றில் வழக்கமான வரிசையே பின்பற்றப்படுகிறது. இவ்வேறுபாட்டை அறியாமல் தாமே கோப்பை வாசிக்கும் நிரல் எழுதுபவருக்குப் பெருக்கி பின்னோக்கிப் பெருக்குவதாகத் தோன்றும்! 2009இல் ஐபிஸ் மன்றம் வெளியிட்ட இரண்டாம் பதிப்பு இவ்வரிசையைத் திருத்தவில்லை. எவ்வரிசை என்பதைக் கோப்பிலேயே அறிவிக்கும் ஒரு சொல்லை மட்டும் சேர்த்தது. புழக்கத்தில் இருந்த பழைய கோப்புகளைச் செல்லாதவையாக்க இயலாது என்ற நிலையில் இதுவே அறிவார்ந்த முடிவு எனலாம்.

நிறுவனங்களின் இடமாற்றம்
கோப்பு நிலைத்திருக்க, அதைப் பெற்றெடுத்தோர் நிலைக்கவில்லை. ஈஈசாஃப் 1993இல் ஹியூலெட்-பேக்கர்டு வசமாயிற்று. அப்பிரிவு 1999இல் ஏஜிலென்ட் ஆகவும் 2014இல் கீசைட் ஆகவும் பெயர் மாறியது. மின்காந்தப் புலக் கணிப்புக்குப் புகழ்பெற்ற எச்.எஃப்.எஸ்.எஸ். நிரலை உருவாக்கிய ஆன்சாஃப்ட், 2008இல் ஆன்சிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. மைக்ரோவேவ் ஆஃபிஸ் நிரலின் உரிமையாளரான ஏ.டபிள்யூ.ஆர். 2011இல் நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸிடமும் 2020இல் கேடன்ஸிடமும் சென்றது. இந்நிறுவனங்கள் அமைத்த நேரடிப் பாலங்கள் திறன்மிக்கவை என்பதில் ஐயமில்லை. ஏ.டி.எஸ். மென்பொருளைக் கேடன்ஸ் சூழலுடன் பிணைத்த ‘டைனமிக் லிங்க்’ இதற்குச் சான்று. ஒரு பக்கம் வரைந்த சுற்றை மறுபக்கத்தின் கணிப்பானுக்கு அது நேரே அளித்தது. ஆயினும் இத்தகைய பாலத்தின் இரு கரையிலும் உரிமம் வேண்டும். ஒன்று காலாவதியானால் பாலமும் இல்லை, வேலைக்கோப்பும் திறக்காது.

எளிய கோப்புக்கும் குறைகள் உண்டு. அது விளைவைச் சுமக்கிறது. விளைவுக்குக் காரணமான வடிவத்தைச் சுமப்பதில்லை. தடத்தின் அகலத்தை அரை மில்லிமீட்டர் மாற்றினால் மின்காந்தக் கணிப்பை மீண்டும் முதலிலிருந்து நடத்தியாக வேண்டும். 1 கிகாஹெர்ட்ஸில் தொடங்கும் கோப்பில் நேர்மின்னோட்ட நிலை பற்றிய செய்தி இல்லை. காலவெளியில் கணிக்கும் நிரல் அதனை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகம் பிழைத்தால், ஆற்றலை இழக்க வேண்டிய ஒரு செப்புத்தடம் ஆற்றலை உற்பத்தி செய்வதாகக் கணினி காட்டும்.

கட்டற்ற வழியும் மைய வழியும்
இந்தியச் சூழலில் இரு வழிகள் தோன்றியுள்ளன. ஒன்று, பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் உருவாக்கிய ஈசிம். ஆஸ்கேட் என்ற பெயரில் தொடங்கிய இது, கைகேட் வரைபடக் கருவியையும் ஸ்பைஸ் வழிவந்த என்ஜிஸ்பைஸ் கணிப்பானையும் இணைக்கிறது. இதன் உயிர்நாடி புதிய கணிப்பான் அன்று; கைகேட் தரும் இணைப்புப் பட்டியலை என்ஜிஸ்பைஸ் ஏற்கும் வடிவுக்கு மாற்றும் இடைநிலை மாற்றியே. வானலைப் பணிக்குக் கியூக்ஸ், ஓப்பன்-ஈஎம்எஸ் ஆகிய கட்டற்ற நிரல்களும் உள்ளன. ஓப்பன்-ஈஎம்எஸ் கணிப்பின் முடிவை டச்ஸ்டோன் கோப்பாக எழுதிக் கியூக்ஸில் சேர்க்க இயலும்.

மற்றொன்று மைய வழி. சிப்ஸ் டு ஸ்டார்ட்அப் திட்டத்தின்கீழ்ப் பெங்களூரு சி-டாக் நிறுவனத்தின் சிப்-இன் மையம் வணிகக் கருவிகளை நாட்டின் கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவாக வழங்குகிறது. தனித்தனியே உரிமம் வாங்க இயலாத கல்லூரிகளுக்கு இது பெரும் உதவி. எனினும் திட்டக்காலம் முடிந்த பின்னர் அம்மாணவரின் வேலைக்கோப்புகளை எதைக்கொண்டு திறப்பது என்ற கேள்வி எஞ்சுகிறது.

ஆய்வேட்டில் இடம்பெறாதவை
இக்கேள்வி ஆய்வேடுகளில் கூர்மையடைகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறை ஆய்வேடுகளின் மின்வடிவத்தைக் கேட்டது; அவை சோத்கங்காவில் சேர்கின்றன. அங்கே சேர்வது பி.டி.எஃப். கோப்பு. எஸ்-அளவுரு வரைபடம் அதில் ஒரு படம் மட்டுமே. படத்திலிருந்து எண்களை மீட்டெடுப்பது தோராயமாகவே முடியும். அடுத்து வரும் ஆய்வாளர் தம் சுற்றுடன் அதை ஒப்பிட விரும்பினால், தடத்தின் வடிவத்தை மீண்டும் வரைந்து மீண்டும் கணிக்க நேர்கிறது. ஆய்வேட்டுடன் இணைப்புப் பட்டியலையும் டச்ஸ்டோன் கோப்புகளையும் பின்னிணைப்பாகப் பெறுவதற்குப் புதிய மென்பொருளோ நிதியோ தேவையில்லை. ஆயிரம் அதிர்வெண் புள்ளிகள் கொண்ட இருமுனைக் கோப்பு, ஓர் ஒளிப்படத்தைவிடச் சிறியது. துறைதோறும் உள்ள ஆய்வுக்குழு நெறியாளர்கள் இதனை ஒரு நிபந்தனையாக்கலாம். ஹேஷ் வரிக்கு மேலே, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், எந்தப் பலகைத் தடிமனுக்குக் கணிக்கப்பட்டது என்பதை வியப்புக்குறி வரிகளில் எழுதவும் சொல்லலாம். அவ்வரிகளைக் கணிப்பான் படிக்காமல் கடந்துவிடும்; அவை மனிதர் படிப்பதற்கானவை.