ரவாங் விளக்கும் லயத்து விளக்கும்



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம், வீட்டு மின்குமிழ்களில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணைக் குறித்துவரச் சொன்னேன். பெரும்பாலோர் 9 என்றும் 12 என்றும் எழுதி வந்தனர். ஒரு மாணவன் மட்டும் 60 என்று எழுதியிருந்தான். அவன் தாத்தா வீட்டுச் சாமிமேடைக்கு மேல் தொங்கும் பழைய குண்டு பல்பு அது. "அது மட்டும் ஏன் டீச்சர் கிட்டப் போனாலே சுடுது?" என்று கேட்டான். அக்கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் நம் வட்டாரத்து விளக்குகளின் வரலாற்றை எழுதத் தொடங்கினேன்.

அம்பாங் பெச்சா என்ற பெயரே ஓர் அணை உடைந்த கதையைச் சொல்கிறது. 1883-ஆம் ஆண்டு அணை உடைந்து பழைய கோலா குபு பட்டணம் அழிந்தது நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆனால் இங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரத்திற்குள் சென்றடையக்கூடிய ரவாங்கின் பெருமையைப் பலர் அறியார். மலாயாவின் மின்சார வரலாறு 1894-இல் அச்சிறு ஈயச் சுரங்கப் பட்டணத்தில்தான் தொடங்கிற்று. சுரங்கத் தொழிலுக்காக அங்கே மின்னாக்கி நிறுவியவர் இருவர்: ஒருவர் லோக் யூ, மற்றவர் நம் கே. தம்புசாமி பிள்ளை. பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்தவர் என்றே அவரை நாம் நினைவுகூர்கிறோம். தைப்பூசத்தன்று அவர் பெயரைச் சொல்லாத மேடையில்லை. இந்நாட்டிற்கு மின்சாரம் கொண்டுவந்தவர்களுள் ஒரு தமிழர் உண்டு என்று சொல்லும் மேடையைத்தான் நான் இதுவரை கண்டதில்லை. அடுத்த ஆண்டு, 1895-இல், கோலாலம்பூர் தொடர்வண்டி நிலையத்தில் மின்விளக்கு எரிந்தது.

இத்தனை அருகில் எரிந்த விளக்கு, தோட்டத்து லயத்திற்கு வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்பதே என்னை உறுத்தும் கேள்வி. நம் முன்னோர் விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, நெற்றியில் கட்டிய கார்பைட் விளக்கின் ஒளியில் பால்மரம் சீவினர். கார்பைட் கல்லின் மேல் நீர் சொட்டச் சொட்ட எழும் வாயுவே அவ்விளக்கில் எரியும். வீட்டிலோ மண்ணெண்ணெய் விளக்கு. துரை பங்களாவிலும் ஆலையிலும் மின்விளக்கு எரிய, லயத்துப் பிள்ளைகள் புகை படிந்த கண்ணாடிக் கூண்டைத் துணியால் துடைத்துவிட்டுப் பாடம் படித்த தோட்டங்கள் எத்தனையோ.

நான் பிறந்த தோட்டத்தில் 1980-களில் மின்சாரம் இருந்தது. ஆனால் மாலை ஆறு முதல் இரவு பத்து மணி வரைதான். தோட்டத்து இயந்திரம் தடுமாறும்போதெல்லாம் குண்டு பல்பு செம்மஞ்சளாக மங்கும். பத்து மணிக்குச் சற்று முன் ஒருமுறை கண் சிமிட்டும், அதுவே அறிவிப்பு. அம்மா உடனே தீப்பெட்டியைத் தேடுவார். ஆறாம் ஆண்டுத் தேர்வுக்கு நான் படித்ததில் பாதி, அந்தச் சிமிட்டலுக்குப் பிறகு படித்ததுதான். தொழிலாளர் குடியிருப்புக்குப் போதிய மின்சாரம் வழங்குவது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ரவாங்கில் மின்னாக்கி ஓடத் தொடங்கித் தொண்ணூற்றாறு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். குண்டு பல்பினுள் இருப்பது மெல்லிய உலோக இழை. மின்சாரம் பாய்ந்து அது கொதித்துச் சிவப்பதால் ஒளி பிறக்கிறது. ஆகவே அது பெறும் ஆற்றலில் மிகச் சிறு பங்கே, ஏறக்குறைய நூற்றில் ஐந்து, ஒளியாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. கோலா சிலாங்கூர் கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளைப் பாருங்கள். அவை சுடுவதே இல்லை. நம் ஊரருகே ஓடும் அதே சிலாங்கூர் ஆற்றின் கீழ்க்கரையில்தான் அவை வாழ்கின்றன.

நம்மவர் 'கலிமந்தாங்' என்றழைக்கும் நீள்குழல் விளக்கில் இழை கொதிப்பதில்லை. பாதரச ஆவியும் வெண்பூச்சும் சேர்ந்து ஒளி தருகின்றன. அக்குழலையே சுருட்டிச் சிறிதாக்கியதுதான் 1980-இல் சந்தைக்கு வந்த சிக்கனக் குமிழ். 60 வாட் குண்டு பல்பின் ஒளியை அது 14 வாட்டில் தந்தது, எல்.இ.டி. குமிழ் 9 வாட்டிலேயே தருகிறது. வெள்ளொளி தரும் எல்.இ.டி.க்கு வழி திறந்த நீல எல்.இ.டி.யைக் கண்டறிந்த அக்காசாகி, அமானோ, நக்காமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. குண்டு பல்பின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை அனைத்தையும் 2014-க்குள் நிறுத்துவதாக நம் அரசு 2010-இல் அறிவித்ததும் பலருக்கு நினைவிருக்கலாம். "வெளிச்சம் வெள்ளையாய் வீட்டுக்குப் பொருந்தாது" என்று எங்கள் வீட்டிலேயே அப்போது முணுமுணுப்பு எழுந்தது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். ஐந்து 60 வாட் குமிழ்கள் நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதத்திற்கு 45 யூனிட். 9 வாட் குமிழ்களாயின் ஏழு யூனிட்டுக்கும் குறைவு. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென் என்ற பழைய கட்டணப்படி மாதம் எட்டு ரிங்கிட் மிச்சம். எட்டு ரிங்கிட்தானே என்பீர்கள். 2008 முதல் சில ஆண்டுகள், மாதக் கட்டணம் 20 ரிங்கிட்டைத் தாண்டாத வீடுகள் எதுவும் செலுத்த வேண்டியதில்லை என்ற சலுகை இருந்தது. மாதம் 120 யூனிட் எரித்து 26 ரிங்கிட் கட்டிய ஒரு தொழிலாளர் குடும்பம், குமிழ்களை மாற்றிய ஒரே காரணத்தால் 18 ரிங்கிட்டுக்கு இறங்கி, ஒரு காசும் கட்டாமல் தப்பியிருக்கலாம். அந்நாளில் இக்கணக்கைப் பெற்றோர் கூட்டத்தில் யாரேனும் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நானும் எழுதவில்லை, அப்போது எனக்கே அது தோன்றவில்லை.

ஒரு செய்தியைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். சுருள் வடிவச் சிக்கனக் குமிழ்களில் சிறிதளவு பாதரசம் உண்டு. அதனால்தான் 30 வாட் வரையிலான அவ்வகைக் குமிழ்களை 2025-க்குள் கைவிட மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன. வீட்டில் பழையது உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, சன்னலைத் திறந்து பத்து, பதினைந்து நிமிடம் காற்றாட விடுங்கள். துடைப்பத்தாலோ தூசு உறிஞ்சும் இயந்திரத்தாலோ கூட்ட வேண்டாம். கெட்டி அட்டையால் சில்லுகளை வாரி, ஈரத் துணியால் துடைத்து, மூடியுள்ள புட்டியில் இட்டு அப்புறப்படுத்துங்கள்.