மட்டையும் ஏடும்: கியூபாவின் பந்தாட்ட வரலாற்றாசிரியரும் புத்தளக் கரையும்

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டியில் 1807 ஆம் ஆண்டிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, இலங்கையின் ஊர்கள், ஆறுகள், குடிகள் பற்றிய செய்திகளை அகரவரிசைப்படுத்தி 1834 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாக வெளியிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1859 இல், தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாறுகளைத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் பெயரில் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். செவிவழிச் செய்திகளையும் தனிப்பாடல்களையும் பெரிதும் சார்ந்து எழுந்த அந்நூலிற் பிழைகள் உள. எனினும், தமிழ்ப் புலவர் வரலாறு எழுதப் புகுந்த பின்னையோர் அந்நூலை ஒதுக்கிவிட்டு நடக்க முடியவில்லை. பிழையோடேனும் எழுதிவைத்தவன் ஒருவன் இருந்தால்தான், அப்பிழையைத் திருத்துவதற்கும் ஒருவன் தோன்ற முடியும்.

கற்பிட்டியிலிருந்து புத்தளம், உடப்பு, சிலாபம், மாரவில, வென்னப்புவ எனத் தெற்கே நீளும் அக்கரை விளையாட்டு மிகுந்த கரையுமாகும். புத்தளம் நகரத்து முஸ்லிம் இளைஞரிடையே உதைபந்தாட்டம் வேரூன்றியுள்ளது. வென்னப்புவப் பகுதியோ கரப்பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்றது. தேசிய அணிக்கு வீரர்களை அனுப்பிய ஊர்கள் அங்குள்ளன. மூங்கிற் கழியாற் பந்தை அடித்துவிட்டுக் கம்பங்களைச் சுற்றி ஓடும் 'எல்லே' புத்தாண்டுக் காலத்தில் ஆடப்படுகின்றது. சிறுவர் கிட்டிப்புள்ளு ஆடுவர். இவ்விளையாட்டுகளுக்கும் ஒரு காசிச்செட்டி வாய்த்தார் எனச் சொல்வதற்கில்லை. அத்தகைய ஒருவர் வாய்த்திருந்தால் என்ன நிகழும் என்பதை அறிய, இக்கரையைப் போலவே கடல் சூழ்ந்ததும், குடியேற்ற ஆட்சியாற் சிதைந்ததுமான மற்றொரு தீவை நோக்குதல் தகும். அது கியூபா. அங்கு ஆடப்படுவது பேஸ்போல். அதன் வரலாற்றை எழுதுவதிலேயே தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கழித்தவர் பீற்றர் பியார்க்மன் என்னும் அமெரிக்க மொழியியலாளர்.

பேஸ்போல் இலங்கைக்கு வராத விளையாட்டன்று. சிக்காகோவைச் சேர்ந்த ஸ்போல்டிங் என்பார் இரண்டு அமெரிக்க அணிகளை உலகஞ் சுற்ற அழைத்துச் சென்றபோது, அவ்வணிகள் அவுஸ்திரேலியாவிலிருந்து எகிப்துக்குச் செல்லும் வழியில், 1889 ஜனவரி 26 அன்று கொழும்பில் ஓர் ஆட்டம் ஆடின. உடன் வந்த ஹரி பாமர் என்னும் பத்திரிகையாளர் அப்பயணம் முழுவதையும் எழுதினார். 1914 இலும் இரண்டு அமெரிக்க அணிகள் கொழும்பில் இறங்கி ஆடிச் சென்றன. இரு முறையும் ஆட்டம் கப்பலோடு வந்து கப்பலோடு போயிற்று. இத்தீவில் ஏற்கெனவே கிரிக்கெட் இருந்தது. அதற்கு ஏடும் இருந்தது. கொழும்பில் ஒரு கிரிக்கெட் கழகம் அமைய வேண்டுமென்ற கருத்து 1832 ஆம் ஆண்டுச் செய்தித்தாள் ஒன்றில் வெளிவந்தமையாலேயே, இலங்கைக் கிரிக்கெட்டின் தொடக்கம் அவ்வாண்டாகக் கணிக்கப்படுகின்றது. 1924 இல் எஸ். பி. பொனாண்டர் இலங்கைக் கிரிக்கெட்டின் அறுபதாண்டு வரலாற்றை நூலாக்கினார். ஆனால் அவ்வரலாறு பெரும்பாலும் கொழும்புக் கழகங்களுக்கும் பெருங்கல்லூரிகளுக்கும் உரியது.

கொழும்பில் அமெரிக்கர் ஆடிய அதே 1889 ஆம் ஆண்டில் ஹவானாவில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. 'கியூபாவிற் பேஸ்போல்' என்பது அதன் பொருள். எழுதியவர் வென்செஸ்லாவோ கால்வெஸ். அவர் அல்மெந்தாரெஸ் அணியின் ஆட்டக்காரர். 1885-86 பருவத்தில் துடுப்பெடுத்து ஆடுவதில் முதலிடம் பெற்றவர். ஒரு குடியேற்ற நாட்டில், அதுவும் அந்நாட்டுக்கு விளையாட்டு வந்து கால் நூற்றாண்டே கழிந்த நிலையில், ஆட்டக்காரன் ஒருவனே அதன் வரலாற்றை எழுத முற்பட்டமை வியப்புக்குரியது. காரணம் அரசியலிற் கிடக்கின்றது. கியூபா அப்போது ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. ஸ்பானியர் காளைப்போரைக் கொண்டாடினர்; கியூப இளைஞர், அமெரிக்கக் கல்லூரிகளிற் பயின்று திரும்பியோர் கொண்டுவந்த புதிய ஆட்டத்தை மேற்கொண்டனர். காளைப்போர் அரங்கைப் புறக்கணித்துப் பந்தாட்டத் திடலுக்குச் செல்வதே தேசிய உணர்வின் வெளிப்பாடாயிற்று. பந்தாட்டக் கழகங்களை வளர்த்த எமிலியோ சபௌரின் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டமைக்காக ஆபிரிக்கக் கரையிலுள்ள சியூத்தாச் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1897 இல் அங்கேயே இறந்தார். கால்வெஸும் பின்னர் புளோரிடாவின் தம்பா நகரில் புகலிட வாழ்வு வாழ்ந்து, அதனைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார்.

இங்கு ஒரு செய்தி ஊன்றி நோக்கற்பாலது. கியூபாவின் முதல் ஆட்டம் எனப்படுவது 1874 டிசம்பர் 27 இல் மத்தான்சாஸ் நகரில் ஆடப்பட்டது; ஹவானா அணி 51-9 என வென்றது. அது முதல் ஆட்டமன்று, பத்திரிகையிற் பதிவான முதல் ஆட்டமே எனப் பிற்கால ஆய்வாளர் கூறுவர். அவ்வாறே, 1864 இல் நெமெசியோ கியோ என்ற மாணவர் அமெரிக்காவிலிருந்து ஒரு மட்டையும் பந்தும் கொண்டுவந்தார் என்ற செய்தியும், அறுபது ஆண்டுகள் கழித்து அவரது முதுமையில் ஹவானா நாளிதழ் ஒன்று அவரைக் கண்டு எழுதியதனாலேயே நிலைபெற்றது. செய்தியாளர் அன்று அம்முதியவரின் வாசலை மிதிக்காதிருந்தால், கியூபாவின் பந்தாட்ட வரலாறு பத்து ஆண்டுகள் குறைந்திருக்கும்.

பியார்க்மன் இந்த மரபில் மிகப் பிந்தி, அதுவும் வெளியிலிருந்து வந்தவர். 1941 இல் அமெரிக்காவின் கனெக்ரிக்கட் மாநிலத்திற் பிறந்த அவர் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பயின்றார். 1976 இல் அவர் அளித்த கலாநிதிப் பட்ட ஆய்வின் பொருள் கடன்சொற்களின் ஒலியியல். எடுத்துக்காட்டுகளை மயாமியில் வாழ்ந்த கியூபரின் ஸ்பானிய மொழியிலிருந்து எடுத்தார். பேர்டியூ உள்ளிட்ட பல்கலைக்கழகங்களிற் கற்பித்தார். அமெரிக்க நாடுகளின் ஸ்பானிய உச்சரிப்புப் பற்றி 1989 இல் வெளிவந்த தொகுப்பு நூலொன்றின் இணைப் பதிப்பாசிரியராகவும் விளங்கினார்.

அவரைக் கியூபாவின் பந்தாட்டத்தோடு முதலிற் பிணைத்தது அந்த ஆய்வே எனத் துணிந்து கூற இயலாவிடினும், ஆய்வுப் பொருளும் ஆட்டமும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன. பேஸ்போலின் சொற்கள் கியூபாவில் ஆங்கிலச் சொற்களாக நிலைக்கவில்லை. 'ஹோம் ரன்' என்பது 'ஹொன்ரோன்' ஆயிற்று. சொல்லிடையிலிருந்த மகரம் ஸ்பானிய மரபுக்கு இயைய னகரமாக மாறியது. 'ஸ்' என்னும் ஒலியோடு மெய் மயங்கிச் சொல்லுக்கு முதலில் வருதலை அம்மொழி ஏற்பதில்லை. ஆதலால் 'ஸ்ட்ரைக்' என்பதன் முன் ஓர் எகரம் தோன்றி 'எஸ்ட்ரைக்' ஆயிற்று. தமிழ் மாணவருக்கு இது புதுமையன்று. ஸ்கூலை 'இஸ்கூல்' என்பதும், ஸ்டேசனை 'இஸ்டேசன்' என்பதும் அதே நெறியே. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளை வரையறுத்தும், வடசொல் தன் எழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு புணர்ந்து வர வேண்டும் என்று விதித்தும் தொல்காப்பியர் இப்பொருளை நெடுங்காலத்துக்கு முன்னரே தொட்டார். இலங்கைத் தமிழ் ஏடுகளின் விளையாட்டுப் பக்கம் துடுப்பாட்டம், உதைபந்தாட்டம், கரப்பந்தாட்டம் எனத் தனித்தமிழ்ச் சொற்களைப் பேணுகின்றது. திடலில் நிற்பவனோ 'போல்' என்றும் 'கோல்' என்றுமே கத்துகிறான். சிங்களமும் தமிழும் நெடுங்காலம் ஒரே வீட்டினுட் புழங்கிய சிலாபக் கரையில் இச்சொற்கள் எம்மொழியின் வாயிலாக எம்மொழிக்குச் சென்றன என்பது தனி ஆய்வுக்குரியது.

1990களின் பிற்பகுதியிலிருந்து பியார்க்மன் கியூபாவுக்கு மீண்டும் மீண்டும் சென்றார். புகைப்படச் சேகரிப்பாளர் மார்க் றக்கருடன் 1999 இல் ஒரு நூலையும், 1864 முதல் 2006 வரையிலான வரலாற்றை 2007 இல் ஒரு பெருநூலையும், நாட்டை விட்டுச் சென்ற ஆட்டக்காரரைப் பற்றி 2016 இல் இன்னொரு நூலையும் வெளியிட்டார். இவற்றுக்கிடையே ஓராண்டு விடாது, ஆட்டங்களைப் பற்றி எழுதிக்கொண்டேயிருந்தார்.

அவர் எதிர்கொண்ட சிக்கல் யாதெனில், கியூபாவின் பந்தாட்ட வரலாறு இரண்டாகப் பிளந்து கிடந்தமையாகும். 1961 ஆம் ஆண்டோடு தொழின்முறை ஆட்டம் அங்கு முடிவுற்றது. 1962 ஜனவரியிற் சம்பளமற்ற ஆட்டக்காரரைக் கொண்ட தேசியத் தொடர் தொடங்கியது. நாட்டைவிட்டு நீங்கி மயாமியிற் குடியேறியோருக்குப் பொற்காலம் 1961 இல் முடிந்துவிட்டது. அல்மெந்தாரெஸ், ஹவானா ஆகிய பழைய அணிகளின் நினைவே அவர்களுக்கு வரலாறு. தீவில் இருந்தோருக்கோ உண்மையான வரலாறு 1962 இலேயே தொடங்கியது. அமெரிக்க வாசகருக்கு வர்த்தகத் தடையின் அப்புறத்தில் நடந்தது எதுவும் தெரியாது. 1992, 1996, 2004 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம் வென்ற ஓரணியின் ஆட்டக்காரர் பெயர்கள்கூட அண்டை நாட்டில் பரவலாக அறியப்படாதிருந்தன. பியார்க்மன் பிந்திய பகுதியின் ஆட்டங்களையும் எண்ணிக்கைகளையும் ஆங்கிலத்திற் பதிவு செய்தார். அப்பகுதி முன்னையதற்குக் குறைந்ததன்று, மேம்பட்டது என்றும் வாதிட்டார். இவ்வாதத்திற் சற்று மிகை உண்டு. கியூப அரசின்பால் அவர் காட்டிய கனிவு வரலாற்றாசிரியருக்கு ஏற்றதன்று எனப் புகலிடக் கியூபர் குறை கூறினர். அக்குறையை முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆட்டக்காரர் பலர் உயிரைப் பணயம் வைத்துப் படகேறிய காலத்தில், வீட்டிலிருந்த ஒழுங்கை மட்டும் புகழ்வது ஒருபுறச் சார்பே. எனினும், குறை கூறியோரும் எண்ணிக்கைக்காக அவர் நூலைப் புரட்ட வேண்டியிருந்தது. காசிச்செட்டியின் நூலுக்கு நேர்ந்ததும் இதுவே.

பிளவின் இருகரையையும் ஒருங்கே தொட்ட மனிதர் சிலர் இருந்தனர். கொன்ராடோ மரேரோ அவர்களுள் ஒருவர். 1911 இற் பிறந்து, 1950 முதல் 1954 வரை அமெரிக்காவின் வாஷிங்டன் அணிக்குப் பந்தெறிந்த அவர், புரட்சிக்குப் பின்னும் கியூபாவிலேயே தங்கி, 2014 ஏப்ரலில், நூற்று மூன்றாம் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில் ஹவானாவிற் காலமானார். அவர் வாழ்வையும் பியார்க்மன் எழுதினார். இத்தகைய ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் 1961 ஒரு சுவராக நிற்பதில்லை; ஓராண்டாகவே கழிந்து போகின்றது.

வரலாறு பிளவுண்டு கிடத்தல் புத்தளக் கரைக்கு அந்நியமானதன்று. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே வந்து தங்கினர். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் உதைபந்து ஆடிய கால்கள் கற்பிட்டி மணலிலும் ஆடின. வெளியேறியோருக்கு ஆட்டத்தின் பொற்காலம் விட்டுவந்த ஊரில் உள்ளது. முகாமிற் பிறந்த மகனுக்கோ அது புத்தளத் திடலில் தொடங்குகின்றது. மயாமிக்கும் ஹவானாவுக்கும் இடையே நடந்த வழக்கு இங்கு ஒரே வீட்டுத் திண்ணையில் தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடக்கின்றது. சிலாபத்திற்குத் தெற்கேயுள்ள கத்தோலிக்க ஊர்களில் நேர்ந்தது மற்றொரு வகைப் பிளவு. பாடசாலை வாயிலாகவும் கோவில் வாயிலாகவும் அவ்வூர்கள் படிப்படியாகச் சிங்களத்துக்கு மாறின. பாட்டன் தமிழில் வைத்திருந்த நினைவைப் பேரன் படிக்க இயலாது.

இன்று கற்பிட்டியின் விளையாட்டைப் பற்றி உலக மொழிகள் பலவற்றில் எழுதப்படுகின்றது என்பது உண்மையே. மே முதல் ஒக்டோபர் வரை அங்கு வீசும் தென்மேற்குக் காற்றை நாடி வரும் வெளிநாட்டார், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு நீர்மேற் சறுக்கும் விளையாட்டுக்கு அக்களப்பைப் போற்றுகின்றனர். அலையின் அளவும் காற்றின் வேகமும் நாள்தோறும் குறிக்கப்படுகின்றன. கரையில் நின்று பார்க்கும் மீனவ இளைஞன் மாலையில் ஆடும் ஆட்டத்தின் எண்ணிக்கையை எவரும் குறிப்பதில்லை.

மூலங்கள் அறவே இல்லை எனவும் சொல்ல முடியாது. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தோன்றின. பிரதேச நிருபர் அனுப்பிய இரண்டு வரிச் செய்திகள் அவற்றின் பழைய பக்கங்களிற் புதைந்துள்ளன. கழகங்களின் கூட்டக் குறிப்பேடுகள், திருவிழாக் காலப் போட்டிகளின் துண்டுப்பிரசுரங்கள், வெற்றிக் கிண்ணத்தின் அடியிற் பொறித்த ஆண்டும் பெயரும் ஆகியன வீடுகளிலும் கழகக் கொட்டகைகளிலும் கிடப்பன. உப்புக்காற்றுக் கரையிற் கடதாசி நெடுநாள் நில்லாது. கியோவைத் தேடிச் சென்ற ஹவானாச் செய்தியாளரைப் போல், உடப்பிலும் புத்தளத்திலும் எண்பது வயதைக் கடந்த பழைய ஆட்டக்காரர் வாசலுக்கு ஒருவர் செல்வதே முதற்பணியாகும். அதற்குத் தமிழும் சிங்களமும் அறிந்த பல்கலைக்கழக மாணவர் இருவர் ஒரு விடுமுறைக் காலத்தில் முயன்றாலும் போதும்.

பியார்க்மன் 2018 ஒக்டோபர் 1 ஆம் திகதி ஹவானாவிலேயே இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில், கியூப ஆட்டக்காரர் படகேறாமலே அமெரிக்க அணிகளிற் சேர்வதற்கான உடன்படிக்கை ஒன்று இரு நாட்டுப் பந்தாட்ட அமைப்புகளுக்குமிடையே கைச்சாத்தாயிற்று. 2019 ஏப்ரலில் அமெரிக்க அரசு அதனைச் செல்லாதாக்கியது. அதனை எழுதும் பொறுப்புப் பிறர் கைக்குச் சென்றது.