பொய்ப்பல்லுக்குச் செய்த பசை

ஹார்ட்வெயார் கடையில் காசு குடுக்கிற மேசைக்குப் பக்கத்தில், ஆணிப் பெட்டிகளுக்கும் பைப் சுற்றுகிற வெள்ளை ரேப்புக்கும் நடுவில் ஒரு சின்னப் பைக்கற் கிடக்கும். உள்ளே இரண்டு நிறத்தில் இரண்டு களி. ஒன்று பிசின், மற்றது அதை இறுக வைக்கிற சரக்கு. இரண்டையும் சம அளவில் கிள்ளி எடுத்து, ஒரே நிறமாக வரும்வரை பிசைந்து, ஒழுகுகிற இடத்தில் அப்பிவிட்டால் கொஞ்ச நேரத்தில் கல் மாதிரி இறுகிவிடும். இதுக்குப் பெயர் எபொக்சி புட்டி. ஆனால் கடையில் போய் கனபேர் கேட்கிறது 'எம்-சீல்' எண்டுதான். அது ஒரு இந்தியக் கம்பனியின் வணிகப் பெயர். 2000ஆம் ஆண்டு பிடிலைட் கம்பனி அதை மகிந்திரா குழுமத்திடமிருந்து வாங்கியது. எங்கட ஆக்களுக்கு அந்தக் கதை எல்லாம் தேவையில்லை. பொருளுக்கே அந்தப் பெயர் ஒட்டிவிட்டது.

இந்தக் களி வீட்டுக்குள் வந்ததோடு இரண்டு விசயம் நடந்தது. ஓட்டை அடைக்கிற வேலை தொழில் தெரிந்தவரின் கையிலிருந்து வீட்டில் இருக்கிற யாருடைய கைக்கும் வந்தது. கூடவே, ஒருக்கா அடைத்ததைத் திரும்பக் கழற்றுகிற வழி இல்லாமல் போனது. முதலாவதைப் பற்றிக் கதைக்க ஆள் இருக்கு. இரண்டாவதைப் பற்றித்தான் கதைப்பது குறைவு.

எபொக்சிக்கு முந்தி தண்ணியை எப்படி மறித்தார்கள்? கடற்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்குக் 'கலப்பத்து' என்ற சொல் தெரிந்திருக்கலாம். பலகைக்கும் பலகைக்கும் இடையில் உள்ள நீக்கலில் பஞ்சையோ நாரையோ திணித்து, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுகிற வேலை அது. போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதி சொல்லும். சொல்தான் கடல் கடந்து வந்தது. பிசினாலும் எண்ணெயாலும் மரக்கலத்தை அடைக்கிற வித்தை இந்துசமுத்திரக் கரையெங்கும் அதற்கு முன்பே இருந்தது. மெசப்பொத்தேமியாவில் அதே வேலையை மண்ணுக்குள்ளிருந்து ஊறிவரும் இயற்கைத் தாரை வைத்துச் செய்தார்கள். வீட்டுக்குள் வந்தால், பித்தளைப் பாத்திரத்தின் ஓட்டைக்கு ஈயப்பற்று. இரும்புக் குழாயின் மரைக்குச் சணல் நாரும் பெயின்ற்றும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு: ஒன்றும் நிரந்தரம் இல்லை. குங்கிலியம் வெயிலில் வெடிக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்பப் பூச வேண்டும். ஈயப்பற்றுச் சூடு காட்டினால் உருகிக் கழன்றுவிடும். சணல் சுற்றிய மரையை ஸ்பனர் போட்டுத் திருப்பினால் விட்டுக்கொடுக்கும். அடைப்பது என்றால், அடுத்த முறை ஒருவர் வந்து திறப்பார் என்ற கணக்கோடு அடைப்பது. அந்த ஒருவர் தொழில் தெரிந்தவராக இருக்க வேண்டும், அவருக்குக் கூலியும் குடுக்க வேண்டும். பழைய முறையைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கை மறந்துவிடுவார்கள்.

எபொக்சியின் கதை ஐரோப்பாவில் 1930களில் தொடங்குகிறது. முதல் அடி ஜேர்மனியில். ஐ.ஜி. ஃபார்பென் நிறுவனத்தில் வேலை செய்த போல் ஷ்லாக் என்ற இரசாயனவியலாளர், எபொக்சைட் சேர்வைகளை அமீன்களோடு தாக்கமுறச் செய்து பெரிய மூலக்கூறுகளை உண்டாக்கும் முறைக்கு 1934இல் காப்புரிமை கேட்டார். இதே ஷ்லாக்தான் 1938இல் நைலோன்-6 ஐயும் செய்தவர். மீன்பிடி வலைகளுக்குப் போகிற நூல்களில் அதுவும் ஒன்று. ஒரே ஆள் இரண்டு தரம் எங்கட கரைக்கு வந்திருக்கிறார் எண்டு சொல்லலாம்.

ஆனால் வீட்டுப் புட்டிக்கு நேரான மூதாதையைத் தேடினால் சுவிற்சர்லாந்துக்குப் போக வேண்டும், அதுவும் பல் வைத்தியத்துக்கு. சூரிச்சில் டி டிரே என்ற நிறுவனம் பல் வைத்தியத்துக்குரிய பொருட்களைச் செய்துவந்தது. அங்கே இருந்த பியர் கஸ்டான் என்பவருக்குக் குடுக்கப்பட்ட சிக்கல் இதுதான்: பொய்ப்பல் கட்டுவதற்கு நல்ல ஒரு பொருள் வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து பொய்ப்பல்லின் முரசுப் பகுதியைக் கெட்டியான இறப்பரில்தான் செய்தார்கள். நிறமும் நல்லதில்லை, மணமும் நல்லதில்லை. பேக்கலைற் போன்ற புதுப் பிளாஸ்ரிக்குகள் அப்போது வந்திருந்தன. அவற்றிலும் ஒரு குறை இருந்தது.

அந்தக் குறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தண்ணி ஒழுகாமல் அடைக்கிற கதை முழுக்க அதில்தான் கிடக்கிறது. லியோ பேக்லண்ட் 1907இல் செய்த பேக்கலைற் இறுகும்போது அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தண்ணீரை வெளியே விடும். அந்தத் தண்ணி ஆவியாகி உள்ளே குமிழி கட்டாமல் இருக்க, சூட்டோடு அமுக்கமும் குடுத்துத்தான் அதை வார்ப்பார்கள். ஏதோ ஒன்று உள்ளிருந்து வெளியேறினால் பொருள் சுருங்கும். வாயின் அளவுக்கு எடுத்த அச்சில் வார்த்தது ஒரு மயிரிழை சுருங்கினாலும் முரசில் இருக்காது. கஸ்டானுக்குத் தேவைப்பட்டது எதையும் வெளியே விடாமல் இறுகுகிற பொருள்.

எபொக்சி அப்படிப்பட்டது. அதன் மூலக்கூற்றின் நுனியில் இரண்டு காபனும் ஒரு ஒட்சிசனும் சேர்ந்த ஒரு முக்கோண வளையம் இருக்கிறது. இறுக வைக்கிற சரக்கு அந்த வளையத்தைத் திறந்து அதோடு பிணைகிறது. வளையம் திறக்கிறதே தவிர, தண்ணியோ வேறொன்றோ கழன்று போவதில்லை. அதனால் சுருக்கம் மிகக் குறைவு. கஸ்டான் பிஸ்பீனோல்-ஏ என்ற சேர்வையை எபிகுளோரோஹைட்ரினோடு சேர்த்து அம்பர் நிறத்தில் ஒரு பிசினைச் செய்தார். 1938இல் சுவிஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்.

பல் கட்டுவதில் அது எடுபடவில்லை. அந்தக் காலத்தில் அக்ரிலிக் வந்து பொய்ப்பல் சந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தது. டி டிரே நிறுவனம் உரிமையைப் பாசல் நகரத்துச் சீபா கம்பனிக்குக் குடுத்தது. சீபா அதைப் பசையாக மாற்றி 1946இல் சுவிஸ் கைத்தொழிற் கண்காட்சியில் வைத்தது. அரால்டைற் என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வழியில் வந்ததுதான் அது. அமெரிக்காவில் சில்வன் கிறீன்லீ என்பவர் 1940களில் கிட்டத்தட்ட இதே பிசினைப் பெயின்ற் கம்பனி ஒன்றுக்காகச் செய்தார். அங்கே நோக்கம் பூச்சு. பல், பெயின்ற், பசை என்று மூன்று வாசலால் ஒரே பொருள் உலகத்துக்குள் வந்திருக்கிறது. பிறகு விமானம், மின்சுற்றுப் பலகை, பாலம் எண்டு அது போன இடங்களை எண்ணிக்கொண்டிருந்தால் கட்டுரை முடியாது.

புட்டி என்பது இந்தப் பிசினுக்குள் ரல்க், சுண்ணாம்புக்கல் போன்றவற்றின் தூளைக் கலந்து களியாக்கியது. ஒழுகி ஓடாது, சுவரில் அப்பினாலும் நிற்கும். தண்ணிக்குள்ளேயே இறுகுகிற வகைகளும் உண்டு. இதில் மந்திரம் இல்லை. நாங்கள் "பசை காய்ஞ்சிட்டுதோ?" எண்டு கேட்கிறோம். எபொக்சி காய்வதில்லை. மரப்பசை காயும், அதிலுள்ள தண்ணி காற்றுக்குப் போனால்தான் இறுகும்; ஆகவே ஈரத்தில் ஒட்டாது. எபொக்சிக்குக் காற்றே தேவையில்லை. உள்ளே நடக்கிற தாக்கம் போதும். பிசையும்போது கை சூடாவது அதனால்தான். ஈரமான இடத்தில் அப்பும்போது விரலால் நன்றாக அமுக்கித் தேய்க்கச் சொல்வதும், பரப்பில் நிற்கிற தண்ணிப் படலத்தைத் தள்ளிவிட்டுப் புட்டி நேரே பிடிக்க வேண்டும் என்பதற்காக. மற்றபடி, வெறுங்கையால் பிசையாதேங்கோ. இறுகாத எபொக்சி தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். ஒருக்கா வந்தால், பிறகு தொடுகிற ஒவ்வொரு முறையும் வரும்.

எங்கட பக்கத்தில் திருத்துவது என்றால் அதுக்கு வேறொரு வரலாறும் இருக்கு. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எரிபொருள், பற்றரி, சீமெந்து, இரும்பு எண்டு வரிசையாக நின்றுபோனது. மண்ணெண்ணெயில் ஓடின மோட்டார் சைக்கிளும், ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிள் டைனமோவில் கேட்ட றேடியோவும் உங்களுக்குக் கதையாகத் தெரியும். புதுசு வாங்க ஏலாத காலத்தில் பழசை வைத்திருப்பது கெட்டித்தனம் இல்லை, கட்டாயம். ஒழுகுகிற பைப்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி இழுத்துக் கட்டுவது, பிளாஸ்ரிக் வாளியின் வெடிப்பைக் காய்ச்சிய கத்தியால் இழுத்து ஒட்டுவது எல்லாம் அந்தக் காலத்து ஆக்களுக்குக் கைவந்த வேலை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனபோது, எங்கட வயது ஆக்களும் அதை ஒருக்காத் தொட்டுப் பார்த்தோம்.

அந்தக் காய்ச்சிய கத்தி வேலையைச் சும்மா நாட்டு வைத்தியம் மாதிரிப் பார்க்கக் கூடாது. வாளியும், கூரைக்கு மேலே இருக்கிற கறுப்புத் தண்ணித் தாங்கியும் பெரும்பாலும் பொலித்தீன் வகைப் பிளாஸ்ரிக். அதில் எபொக்சி பிடிக்காது. மெழுகில் பெயின்ற் அடித்தது போல, சில நாளில் ஓடாகக் கழன்று விழும். கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார். ஆனால் பொலித்தீன் சூட்டில் உருகும், உருகினது ஒன்றோடொன்று சேரும். தாங்கிக்கு அதே பிளாஸ்ரிக்கை உருக்கி ஒட்டுவதே சரியான முறை. கத்தியோடு வாளியைத் திருத்தின அம்மம்மாவுக்கு இரசாயனவியல் தெரியாது, செய்தது சரி. (புகை மட்டும் கூடாது. வெளியில் காற்றுப் படுகிற இடத்தில் செய்ய வேணும்.) எபொக்சியோ இதற்கு நேர் எதிர். ஒருக்கா இறுகினால் எந்தச் சூட்டிலும் திரும்ப உருகாது. மென்மையாகும், பிறகு கருகும்.

இந்தக் குணம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகம் பார்த்த ஒரு உதாரணம் எகிப்தில் இருக்கிறது. துட்டன்காமனின் தங்க முகமூடி. கல்லறை 1922இல் கண்டுபிடிக்கப்பட்டது, முகமூடி வெளியே வந்தது 1925இல். வெளியே வந்தபோதே அதன் தாடி தனியாகக் கழன்றிருந்தது. 1940களில் அதைத் திரும்பப் பொருத்தினார்கள். 2014 ஓகஸ்ட் மாதம் எகிப்திய அருங்காட்சியகத்தில் அந்தத் தாடி மீண்டும் கழன்றது. அங்கே வேலை செய்த சிலர் என்ன செய்தார்கள்? நாங்கள் வீட்டில் செய்கிறதைத்தான். கெதியாக இறுகுகிற எபொக்சியைப் பூசி ஒட்டிவிட்டார்கள். தாடி கொஞ்சம் சரிந்து நின்றது. தங்கத்துக்கும் தாடிக்கும் இடையில் மஞ்சள் நிறப் பசை பிதுங்கித் தெரிந்தது. 2015 ஜனவரியில் விசயம் வெளியே வந்தபோது உலகமே சிரித்தது.

ஒட்டவில்லை என்பது பிரச்சினை இல்லை. மிக நன்றாக ஒட்டிவிட்டது என்பதுதான் பிரச்சினை. ஜேர்மனியைச் சேர்ந்த கிறிஸ்டியன் எக்மன் என்ற பாதுகாப்பு நிபுணரின் தலைமையில் ஒரு குழு அந்தப் பசையைச் சிறுகச் சிறுகச் சுரண்டி எடுத்தது. தங்கத்தில் கீறல் விழக்கூடாது, ஆகவே உலோகக் கருவி இல்லை, மரக் கருவிகள். 2015 டிசம்பரில் முகமூடி திரும்பக் காட்சிக்கு வந்தபோது தாடியைப் பிடித்துக்கொண்டிருந்தது தேன்மெழுகு. பழைய எகிப்தியர் பாவித்த அதே பொருள். அடுத்த மாதம் அருங்காட்சியக ஊழியர்கள் எட்டுப் பேர் மீது ஒழுக்காற்று நடவடிக்கை அறிவிக்கப்பட்டது.

தேன்மெழுகு எபொக்சியை விடப் பலமானது என்று எவரும் சொல்லவில்லை. நூறு வருசம் கழித்து வருகிற ஒருவர் சூடு காட்டிக் கழற்றலாம், அதுக்காகத்தான் அதைத் தெரிந்தெடுத்தார்கள். அருங்காட்சியகப் பாதுகாப்புத் துறையில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்: செய்கிற திருத்தம் முடிந்தளவுக்குத் திரும்ப எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கலப்பத்துக்காரர் அதைக் கொள்கை என்று சொல்லாமல் செய்தார். அவருடைய பொருள் அப்படித்தான் இருந்தது, வேறு வழியும் இல்லை.

எங்கட வீட்டுப் பைப் துட்டன்காமன் இல்லை எண்டு நீங்கள் சொல்லலாம். உண்மைதான். வெடித்த இரும்புக் குழாயின் நடுப்பகுதி, சீமெந்துத் தொட்டியின் கீறல், உடைந்த கழுவுதொட்டியின் விளிம்பு, இதெல்லாம் திரும்பத் திறக்கிற இடம் இல்லை. அங்கே எபொக்சியை விட மலிவாகவும் நீடித்தும் நிற்கிற பொருளைக் காண்பது கஷ்டம். சான்ட் பேப்பரால் சொரசொரப்பாக்கி, துருவையும் எண்ணெயையும் துடைத்துவிட்டு, தண்ணியையும் பூட்டிவிட்டு அப்பினால் வருசக்கணக்கில் இருக்கும். வெயில் படுகிற இடம் என்றால் மேலே பெயின்ற் அடிக்க வேணும், இல்லாவிட்டால் சுண்ணாம்பு மாதிரிப் பொடிந்துவரும். குடிதண்ணித் தொட்டியின் உட்பக்கத்துக்குக் குடிநீருக்கு உகந்தது என்று பைக்கற்றில் எழுதியிருப்பதை மட்டும் பாவியுங்கோ. காஸ் சிலிண்டரிலும் அதன் குழாயிலும் கை வைக்கவே வேண்டாம். அது புட்டிக்கான ஒழுக்கு இல்லை.

மற்றது மரை. கிணற்றடி மோட்டரில் பைப் வந்து சேர்கிற இடத்தில் யூனியன் எண்டு ஒரு மூட்டு இருக்கும். மோட்டர் பழுதானால் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அது சொட்டுச் சொட்டாக ஒழுகும்போது, அவசரத்தில் சுற்றிவரப் புட்டியை அப்பி விட்டுவிடுவார்கள். ஒழுக்கு நிற்கும். இரண்டு வருசத்தால் மோட்டரின் சுருள் எரிந்துபோகும். அப்போது வருகிற மெக்கானிக் ஸ்பனரைப் போட்டுப் பார்ப்பார், உளியைப் போட்டுப் பார்ப்பார், கடைசியில் ஹக்சோ வாளால் பைப்பையே வெட்டி எடுப்பார். பிறகு புது யூனியன், புது எல்போ, ஒரு அடி பைப், அரை நாள் கூலி. அந்த இடத்துக்கு முதலே மரையில் ஆறேழு சுற்று வெள்ளை ரேப் போட்டிருந்தால் போதும்.