கொறடா

அமாவாசை ஊஞ்சல் உற்சவத்துக்கு ஊரே நிரம்பும் மேல்மலையனூர், இப்போது செஞ்சி சட்டமன்றத் தொகுதிக்குள்ளும் ஆரணி மக்களவைத் தொகுதிக்குள்ளும் இருக்கிறது. இவ்வூர் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பும் உறுப்பினருக்கு, வாக்கெடுப்பு நாளில் கட்சியின் 'கொறடா உத்தரவு' வரும்.

கொறடா என்றால் சவுக்கு. தெலுங்கில் கொரடா, மராத்தியில் கோரடா, பொருள் ஒன்றுதான். நாயக்கர்களும், 1677-இல் சிவாஜி வென்றபின் மராத்தியரும் ஆண்ட செஞ்சிச் சீமைக்கு இரு மொழிகளும் புதியவை அல்ல.

அரசியல் பொருள் மட்டும் இங்கிலாந்துச் சரக்கு. அங்கே நரி வேட்டையில் சிதறும் நாய்களைக் கூட்டத்துக்குள் அடக்கி வைப்பவனின் பெயர்தான் நாடாளுமன்றத்தில் கட்சிக்காரர்களைத் திரட்டுபவருக்கு ஒட்டிக்கொண்டது. உறுப்பினர்களுக்கு இது பெருமையான வம்சாவளி அல்ல! அந்த ஆங்கிலச் சொல்லான 'விப்' (whip) தமிழில் கொறடாவானது. சாட்டை மாட்டு வண்டியோடு நின்றுவிட்டது. அதுவும் நல்லதற்கே. சாட்டை என்றிருந்தால் அடிதான் நினைவுக்கு வரும்.

ஆளையும் உத்தரவையும் இச்சொல் ஒருசேரக் குறிக்கும். அழுத்தத்தைக் காட்ட அடிக்கோடுகள்: மூன்று கோடு என்றால் தப்ப வழியில்லை. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம்தான் இந்தச் சவுக்குக்கு உண்மையான வலுவைத் தந்தது. உத்தரவை மீறி வாக்களித்தவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், அவர் பதவியே போகலாம். ஆனால் குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா உத்தரவு கிடையாது.